முதலில் வெட்டிய காது

நகராட்சி எங்கள் டாக்டரம்மாவுக்குத் தர வேண்டிய பாக்கி எண்பத்து நான்காயிரத்து அறுநூறு. நாய் ஒன்றுக்கு நானூற்று ஐம்பது வீதம் நூற்று எண்பத்தெட்டு நாய். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவேன். அத்தனையையும் வலை போட்டுப் பிடித்தவன் நான். மேசையில் கிடத்திக் காலைக் கட்டியவன் நான். காதை வெட்டியவனும் நான்தான்.

காது வெட்டுவது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தெருநாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்ததும், மயக்கம் தெளிவதற்குள், இடது காதின் நுனியில் விரல்நகம் அளவுக்கு ஒரு முக்கோணம் எடுத்துவிடுவோம். அப்புறம் அந்த நாய் எந்தத் தெருவில் போனாலும் தூரத்திலிருந்தே தெரியும், இதற்கு முடிந்துவிட்டது, மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று. பத்தொன்பது வருடமாக இந்த வேலை எனக்கு. எங்கள் வேன் டிரைவர் எனக்குக் கத்திரி என்று பேர் வைத்துவிட்டார். நானும் சும்மா விடவில்லை. ஆள் இல்லாத தெருவில்கூட ஹாரன் அடித்துக்கொண்டே போகிறவர் என்பதால் அவருக்கு ஹாரன் என்று வைத்தேன்.

பில் கொடுத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. போகும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டே அறை, பின்னால் ஒரு கொட்டகை. முன்பு டயர் கடையாக இருந்த இடம். வெயில் ஏறினால் இன்னமும் சுவரிலிருந்து ரப்பர் வாசனை வரும். கட்டடக்காரருக்கு வாடகை பாக்கி ஏறிக்கொண்டே போனதில், மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கத்திச் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அவர் டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்து, மடியில் தன் பூனையை வைத்துக்கொண்டு, அதற்கு ஊசி போட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார். ஊசிக்குக் காசும் கொடுத்தார். என்ன செய்ய முடியும்.

டாக்டரம்மா படித்து முடித்து முப்பத்து மூன்று வருடம். முதலில் ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனியில் நல்ல சம்பளத்துக்குப் போனாராம். ஒரு லட்சம் கோழிக்கு அவர் ஒரு டாக்டர். மூன்று மாதத்தில் ஒரு கோழியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை, கணக்குத்தான் பார்த்தேன் என்பார். அதை விட்டுவிட்டு, சுமை இழுக்கிற கழுதைகளுக்கும் மாடுகளுக்கும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தார். நான் அப்போது செங்கல் சூளையில் சுமை ஏற்றுகிறவன். சூளைக் கழுதைகளுக்கு முதுகுப் புண் பார்க்க வந்தவர், கழுதைக்கு மருந்து தடவிவிட்டு நிமிர்ந்தபோது என் தோளைப் பார்த்தார்.

"உனக்கும் அதே இடத்துல புண்ணு இருக்கேப்பா."

"கழுதைக்கும் எனக்கும் ஒரே முதலாளி டாக்டரம்மா" என்றேன்.

சிரித்துக்கொண்டே அதே டப்பாவிலிருந்து எடுத்து எனக்கும் தடவினார். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அடுத்த மாதம் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்தபோது எனக்கு எழுத்து தெரியாது. கொட்டகையில் பதினான்கு கூண்டு. இடதுபக்க வரிசையில் ஆபரேஷன் ஆகாதவை, வலதுபக்க வரிசையில் ஆனவை. ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். எந்த நாய், எந்தத் தெரு, எப்போது ஆபரேஷன், எல்லாம் அதில் இருக்கும். அட்டை எனக்குச் சுவர் மாதிரிதான், ஒன்றும் புரியாது. ஆனால் காது புரியும். காது வெட்டியிருந்தால் முடிந்தது, வேனில் ஏற்று. வெட்டவில்லையென்றால் முடியவில்லை, கையை வைக்காதே. ஹாரனும் படிக்காதவர். அவருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். பிறகு நாற்பத்தாறு வயதில், மருந்து டப்பாவைக் காட்டி டாக்டரம்மாவிடம் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு, நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். அட்டையைப் படிக்க வந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் என்னவோ காதோடே நின்றுவிட்டது.

அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

தையற்கடை வைத்திருக்கிற அக்கா ஒரு நாள் காலையில் துணிக்கூடையோடு வந்தார். நான் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே நேராக உள்ளே போய், கூடையை டாக்டரம்மாவின் மேசையில் வைத்தார். உள்ளே வெட்டுத்துணிக் குவியலில் ஐந்து குட்டி. கண் திறந்து இரண்டு நாள்தான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிய்யா கிய்யா என்றன. பின்னாலேயே தாய் நாய் ஓடிவந்து, மேசைக் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. தவிட்டு நிறம். வால் நுனி வெள்ளை. இடது காதில் முக்கோணம்.

"பாருங்க டாக்டரம்மா. என் வெட்டுற மேசைக்கு அடியில போட்டிருக்கு. அஞ்சு. காது வெட்டியிருக்கு, ஆபரேஷன் ஆன நாய், பயப்படாதீங்கன்னு தெரு பூரா நான்தான் சொல்லிச் சொல்லிச் சாப்பாடு வெச்சேன். இப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறாங்க. பக்கத்துக் கடைக்காரரு என்ன கேக்கறாரு தெரியுமா? காத வெட்டினா குட்டி போடாதுன்னா எங்க வீட்டுக்காரிக்குக் கம்மல் குத்தினப்பவே நின்னிருக்கணுமேன்னு கேக்கறாரு!"

ஹாரன் களுக்கென்று சிரித்துவிட்டார். டாக்டரம்மா பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டு வேனைத் துடைக்கப் போனார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. நான் நகராட்சில எழுதிக் குடுத்துட்டேன். நேத்தே" என்றார் தையற்கார அக்கா. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. "கோவத்துல குடுத்துட்டேன்" என்று குரலைக் குறைத்தார்.

டாக்டரம்மா குனிந்து நாயின் வயிற்றைத் தடவினார். தையல் தழும்பு இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பிறகு காதை விரலால் விரித்துப் பிடித்து என்னைப் பார்த்தார்.

"இது யார் வெட்டுப்பா?"

கேட்க வேண்டியதே இல்லை. சூளையில் செங்கல் விழுந்து என் வலது கட்டைவிரல் மடங்காது. அதனால் என் முக்கோணம் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஊரில் இருக்கிற அத்தனை காதிலும் அதே சாய்வு. கையெழுத்துப் போடத் தெரியாத காலத்திலிருந்து நான் போட்டுக்கொண்டு வருகிற கையெழுத்து அது.

"என்னோடதுதான்" என்றேன்.

விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முறைப்படி முதலில் வயிறு, பிறகுதான் காது. தையல் போட்டு முடித்த பிறகு காதை வெட்டி, ரத்தம் நிற்கும்வரை பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம். ஒரு நாளைக்குப் பத்து, பதினோரு நாய் என்றால் பத்துப் பத்து நிமிடமாக எவ்வளவு நேரம் போகும்? எனக்கு முட்டி வலி. நின்ற இடத்தில் நிற்க முடியாது. அதனால் ஒரு வருடமாக நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். மயக்க ஊசி ஏறியதும், டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருக்கும்போதே காதை வெட்டிப் பஞ்சு வைத்துவிடுவேன். அவர் வயிற்றை முடிப்பதற்குள் காது காய்ந்திருக்கும். அவருக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்கும் மணிக்கட்டு வலி. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் உட்காரலாம்.

இந்தத் தவிட்டு நாய் மேசைக்கு வந்தது, பில் கொடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அன்றைய கடைசி நாயாக. மயக்கம் ஏறியது. நான் காதை வெட்டினேன். கை கழுவி வந்த டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈறு வெளுத்திருக்குப்பா. உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு, ரத்தமே இல்ல. இப்பக் கத்தி வெச்சாத் தாங்காது. மருந்து குடுத்துத் தேத்திட்டு அப்புறம் பாப்போம்" என்றார். அந்த நேரம் போன் அடித்தது. ஒரு வீட்டில் வளர்ப்பு நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது.

"உப்புத் தண்ணி எதுவும் ஊத்தாதீங்க. கக்க வைக்கிறேன்னு வாய்ல கைய விடாதீங்க. அந்த மருந்துப் பாக்கெட்ட எடுத்துக்கிட்டு நேரா இங்க வாங்க" என்று சொல்லிவிட்டு அந்த வேலைக்கு ஓடினார். அவர்கள் வந்து, அந்த நாய் பிழைத்து, ஓய்வதற்கு நாலு மணி நேரம் ஆயிற்று. நான் தவிட்டு நாயை இடதுபக்கக் கூண்டில் போட்டேன். அட்டையில் 'ஆகவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். சாயங்காலம் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு, எலி மருந்து நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபடியே, "இன்னிக்கு எத்தனைப்பா?" என்று கேட்டார். நான் காதை எண்ணினேன். பதினொன்று என்றேன். அவர் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு நாள் போகவில்லை. ஹாரன் வழக்கம்போல் காதைப் பார்த்து வேனில் ஏற்றி, பிடித்த தெருவில் கொண்டுபோய் விட்டுவிட்டார். நான் திரும்பிப் போனபோது அந்தக் கூண்டில் வேறொரு நாய். சரி, டாக்டரம்மா தேற்றி முடித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் யார் தேற்ற முடியும்? அந்த யோசனைகூட வரவில்லை. கூண்டு கழுவ வேண்டியிருந்தது.

தையற்கார அக்கா நாய்க்கு மருந்தை வாங்கிக்கொண்டு குட்டிகளோடு போன பிறகு இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கூடை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமாப்பா? கூண்டு காலியா இருந்தது. செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்கல. செத்துப்போச்சுன்னு நீ சொல்லுவே. அத இன்னொருதரம் கேக்கத் தெம்பு இல்ல. அவ்வளவுதான்."

முப்பத்து மூன்று வருடம் ஒவ்வொரு நாயையும் ஒவ்வொரு கழுதையையும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். ஒரே ஒரு நாள் கேட்காமல் விட்டிருக்கிறார்.

இரண்டு நாளில் நகராட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். சுகாதார அதிகாரியின் மேசையில் எங்கள் பில்லும் தையற்கார அக்காவின் புகாரும் ஒரே நாடாவில் கட்டிக் கிடந்தன. அதிகாரி கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசினார். அவரும் எங்களைப் போலத்தான், அலுத்துப்போன ஆள்.

"டாக்டர், ஒரு நாய்க்கு வெறும் காத மட்டும் வெட்டிட்டுக் காசு கேட்டிருக்கீங்க. மத்த நூத்தி எண்பத்தேழும் அப்படி இல்லன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். செக் பண்ணுங்க."

"அதுக்கு எனக்கு ஆள் ஏது? நீங்க விளக்கம் எழுதிக் குடுங்க. யார் தப்புன்னு இருக்கணும். உங்க தப்புன்னா அடுத்த ஒப்பந்தம் கிடையாது, உங்க கால்நடை டாக்டர் கவுன்சிலுக்கும் நான் எழுதியாகணும். வேலைக்காரன் தப்புன்னா அந்த ஆள நீக்கிட்டதா எழுதுங்க. ரெண்டும் இல்லாம பில் நகராது."

வெளியே வந்ததும் டாக்டரம்மா வேனில் ஏறி உட்கார்ந்து, "கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது. எழுதிக் குடுத்துடறேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். ஹாரன் வழியெல்லாம் ஒருதரம்கூட ஹாரன் அடிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை போனில் யார் வேண்டுமானாலும் வளர்ப்புப் பிராணியைப் பற்றிக் கேட்கலாம், காசு கிடையாது. பன்னிரண்டு வருடமாக அப்படி. அன்றாவது போனை எடுக்காமல் விடுவார் என்று பார்த்தேன். நாலு அடித்ததும் எடுத்துவிட்டார்.

"பூனை பால் குடிக்கலன்னா நல்லதுதாங்க. வளர்ந்த பூனைக்குப் பால் யாரு கேட்டா? தண்ணி வைங்க... கிளி கெட்ட வார்த்தை பேசுதா? வீட்ல யாரு பேசறாங்களோ அவங்கள முதல்ல நிறுத்தச் சொல்லுங்க... இல்லம்மா, சாக்லேட் கூடாது, திராட்சை கூடாது, வெங்காயம் கூடாது. அழுவுதா? நீங்களும்தான் அழுவீங்க, கேட்டதெல்லாம் உங்க வீட்டுக்காரர் வாங்கித் தர்றாரா?"

இவ்வளவும் சொல்லிக்கொண்டே எதிரில் வெள்ளைத்தாளை வைத்துப் பேனாவைத் திறந்திருந்தார். தாளில் தேதி மட்டும் இருந்தது. ஒரு அழைப்புக்கும் இன்னொரு அழைப்புக்கும் நடுவில், தன் வேலைக்கு உலை வைக்கிற கடிதத்தை எழுதிவிட முடியும் என்று நினைத்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பேர் கூப்பிட்டார்கள். கடிதம் தேதியோடே நின்றது.

நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒரு தாள் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"எழுதணும்."

"நீங்களா?" என்று கேட்டவள், விஷயத்தைச் சொன்னதும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "வேலை போயிடுங்க."

"போனா போவட்டும். உக்காந்து சாப்பிடலாம்."

"யார் சம்பாத்தியத்துல?"

  தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கோணாம எழுதுங்க, கோடு போட்டுத் தரேன்" என்று பென்சிலால் கோடும் போட்டுத் தந்தாள்.

அட்டையில் இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் எழுதியதில்லை. ஞாயிறு முழுவதும் ஆயிற்று. எழுதியது இவ்வளவுதான்:

'காதை முதலில் வெட்டியது என் கை. பிறகு டாக்டர் பார்த்து இந்த நாய் ஆபரேஷன் தாங்காது என்று நிறுத்தினார். நிறுத்தியது சரி. வெட்டியது தப்பு. சாயங்காலம் பதினொன்று என்று சொன்னதும் நான்தான். மற்ற நூற்று எண்பத்தேழும் சரியாக நடந்தன. நான் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தேகம் இருந்தால் ஊரில் நீங்கள் கை காட்டுகிற காது வெட்டிய நாயைப் பிடித்து வந்து வயிற்று முடியைச் சிரைத்துக் காட்டுகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.'

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினியா?"

"அவங்க சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் ஆகாதுங்க. நல்லாவும் இருந்திருக்கும்."

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பென்சில் கோடு தெரிந்தது. "எத்தனை நாய் பிடிப்பே?"

"நீங்க போதும்ங்கற வரைக்கும்."

"இருபது" என்றார். பிறகு யோசித்து, "காலைல ஆறு மணிக்கு வா. வெயில் ஏறினா என்னால ஆகாது" என்றார்.

டாக்டரம்மாவுக்கு அன்று மத்தியானம் சொன்னேன். "என்னைக் கேக்காம ஏன் போனே?" என்றார். "நீங்க கேட்டீங்களா, அந்த நாய் என்னாச்சுன்னு?" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர், "புது பிளேடு வாங்கிட்டு வா. பழசு கீறும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு காலை. அதிகாரி வண்டியில் உட்கார்ந்தபடி கை காட்டுவார், நான் வலையோடு ஓடுவேன். முட்டி நறநறவென்று அரைத்தது. நாய்களுக்கு என்னைத் தெரியும். ஒருதரம் என் கையில் மாட்டிய நாய் மறுபடி என்னைக் கண்டால் நிற்குமா? தெருமுனையிலேயே காதை மடக்கிக்கொண்டு ஓடின. நாலாவது நாய்க்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அது தையற்கடை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னாண்ணே, மூச்சு இப்படி வாங்குது?"

சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்து, நடுத்தெருவில் நின்று ஒரு விசில் அடித்தார். எங்கிருந்துதான் வந்தனவோ, ஆறு நாய். ஆறுக்கும் காதில் என் முக்கோணம்.

"புகார் குடுத்தவளே பிடிச்சுக் குடுக்கறேன்னு எழுதிக்குங்க சார்" என்றார் அதிகாரியைப் பார்த்து. "ஆனா புகாரு வாபஸ் கிடையாது. அஞ்சு குட்டி அஞ்சு குட்டிதான்."

ஆஸ்பத்திரியில் மேசையில் கிடத்தி ஒவ்வொன்றுக்கும் வயிற்று முடியைச் சிரைத்தேன். டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, கடிக்கிற நாயின் காதில் ஏதோ பேசிக்கொண்டே நின்றார். அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அடுத்ததற்கும் கோடு. ஏழாவது நாயை அதிகாரி உற்று உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு வயித்துல ஒண்ணுமே இல்லையே! என்னய்யா இது?"

"சார், அது ஆண் நாய். கொஞ்சம் பின்பக்கமா வந்து பாருங்க" என்றார் ஹாரன்.

அதிகாரி பின்பக்கமாகப் போய்ப் பார்த்தார். இருக்க வேண்டியது அங்கே இல்லை. இருமினார். "சரி சரி, அடுத்தது" என்றார்.

இருபதும் சரியாக இருந்தது.  அதிகாரி ஃபைலை முட்டியில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

"ஒண்ணைக் கழிச்சுட்டுப் பாக்கியப் போட்டுடறேன் டாக்டர். இந்த ஆள நீக்கிட்டதா மட்டும் ஒரு வரி குடுத்துடுங்க. ஃபைல் மூடணும்."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "தாராளமா எழுதலாம். இருபது நாயப் பிடிச்சது யாருன்னு அதே ஃபைல்ல என்ன எழுதுவீங்க?" என்றார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், நாய் முடி ஒட்டிய என் கால்சட்டையைப் பார்த்தார். 'நேரில் கண்டிக்கப்பட்டார்' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "கண்டிச்சிட்டேன்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி பணம் வந்தது. எண்பத்து நான்காயிரத்து நூற்று ஐம்பது. வாடகை பாக்கி, மருந்துக் கடை, மின்சாரம், ஹாரனுக்கும் எனக்கும் இரண்டு மாதச் சம்பளம். எல்லாம் போக மிஞ்சியதை டாக்டரம்மா எண்ணக்கூட இல்லை, பையில் போட்டுக்கொண்டார். எண்ணுகிற அளவுக்கு இருந்திருக்காது.

குட்டிகளுக்குச் சனிக்கிழமை போனிலேயே வீடு பார்த்தார். குட்டி வேண்டும் என்று கேட்டவர்களிடம், பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரித்தார். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், தடுப்பூசிக்கு யார் கூட்டிவருவார்கள், கட்டிப்போடுவீர்களா? ஒருவர் அலுத்துப்போய், "நாய்க்குட்டிதானே டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். "ஆமா, அதனாலதான் கேக்கறேன். மாப்பிள்ளைன்னா அதுவே வாயத் திறந்து கேட்டுக்கும்" என்றார் டாக்டரம்மா. மூன்று குட்டி அப்படிப் போயின. ஒன்றை ஹாரன் எடுத்துக்கொண்டார். ஒன்று தையற்கடையிலேயே நின்றுவிட்டது.

குட்டிகள் பால் மறந்து, மருந்தில் ஈறும் சிவந்த பிறகு, தையற்கார அக்காவே தவிட்டு நாயைக் கூட்டிவந்தார். மயக்க ஊசி ஏறியது. டாக்டரம்மா கை கழுவினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இருபது நிமிட வேலைக்கு அன்று நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு தரம் கத்தியை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசித் தையலை முடிச்சுப் போட்டுவிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து ஆபரேஷனுக்கு வேற டாக்டர் வர்றாருப்பா. சின்ன வயசு, நல்ல கை. எனக்கு இனிமே போன் போதும்" என்றார். பழக்கத்தில் என் கை கத்திரியை எடுத்துவிட்டது. காதைப் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே என் வெட்டு, ஆறிப்போய், ஒரு பக்கம் சாய்ந்து. கத்திரியைக் கழுவி வைத்தேன்.

நாயை வலதுபக்கக் கூண்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது டாக்டரம்மா நோட்டைத் திறந்து வைத்திருந்தார். நூற்று எண்பத்தெட்டுக்கு நேரே பாக்கி நானூற்று ஐம்பது என்று நின்றது. இன்று ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனால் அந்தக் காதுக்கு ஒருதரம் கணக்குக் காட்டியாகிவிட்டது. நகராட்சியில் மறுபடி கேட்க முடியாது.

நான் சம்பளக் கவரிலிருந்து நானூற்று ஐம்பதை எடுத்து மேசையில் வைத்தேன். இதற்காகவே தனியாக எடுத்து வைத்திருந்தது.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். தன் பையைத் திறந்து துழாவி, இருநூற்று இருபத்தைந்து எடுத்து வைத்தார். என் பணத்திலிருந்து பாதியை எண்ணி என் பக்கம் தள்ளினார்.

"வெட்டினது நீ. கேக்காம விட்டது நான். பாதிப் பாதி."

நான் எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வசதி இல்லை. அவர் இரண்டு பங்கையும் சேர்த்து ஆஸ்பத்திரிப் பெட்டியில் போட்டுவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"நீயே எழுது. எனக்குக் கை வலிக்குது."

நூற்று எண்பத்தெட்டுக்கு நேரே, நானூற்று ஐம்பதின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'ஆபரேஷன் ஆனது. பாக்கி இல்லை.'